காணி வாங்குவோர் யார் சொற் கேட்பது?

இலங்கைத் தமிழரிடையே காணி என்பது வெறும் முதலீட்டுப் பொருள் அன்று. மகளுக்குச் சீதனமாவது அது. முதுமைக்குத் துணையாவது அது. இடர் வந்த காலத்தில் ஈடு வைத்துக் கடன் பெற உதவுவதும் அதுவே. ஒருவர் வாழ்நாள் முழுவதும் உழைத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் காணியில் இடுவதற்குக் காரணம், நிலம் ஓடாது, ஒளியாது, களவு போகாது என்ற நம்பிக்கையாகும். அந்த நம்பிக்கை ஓரளவுக்குச் சரியானதே. நிலம் ஓடுவதில்லை. ஆனால் நிலத்தின்மேல் உள்ள உரித்து ஓடிவிடக்கூடும். நிலத்திற்குக் கொடுத்த பணமும் ஓடிவிடக்கூடும்.

சந்தையில் மீன் வாங்குபவர் ஒருநாள் ஏமாந்தால் மறுநாள் விழித்துக்கொள்வார். செவுளைப் பார்ப்பதற்கும் விலை பேசுவதற்கும் அவர் ஒரு மாதத்திற்குள் பழகிவிடுவார். காணி வாங்குவோருக்கு இத்தகைய பயிற்சி கிடைப்பதில்லை. பெரும்பாலான குடும்பங்கள் ஒரு தலைமுறையில் ஒருமுறையோ இருமுறையோதான் காணி வாங்குகின்றன. முதன்முறை நேர்ந்த பிழையைத் திருத்துவதற்கு இரண்டாவது வாய்ப்பு வருவதில்லை. ஆகவே இத்துறையில் எவரும் பிறர் ஆலோசனையை நாடியே தீரவேண்டும்.

ஆலோசனைக்கோ பஞ்சமில்லை. காணி பார்க்கிறார் என்ற செய்தி பரவியதும் தரகர் வருவார். உறவினர் கடிதமும் தொலைபேசி அழைப்பும் வரும். பத்திரிகை விளம்பரம் கண்ணிற்படும். அலுவலக நண்பர் தாம் வாங்கிய காணியின் பக்கத்துக் காணியைப் புகழ்வார். இத்தனை பேர் நடுவே யார் சொல்லைக் கொள்வது, யார் சொல்லைத் தள்ளுவது என்பதே முதற் கேள்வி. நல்லவர் சொல்லைக் கேள், தீயவர் சொல்லைத் தள்ளு என்று சொல்லிவிடுவது எளிது. ஆயினும் காணி விடயத்தில் மனிதரின் குணத்தை மாத்திரம் அளந்து பயனில்லை. மிக நல்லவரும் தாம் அறியாததைச் சொல்லக்கூடும். ஆலோசனை கூறுபவர் ஒவ்வொருவரிடத்தும் மூன்று கேள்விகளைப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். இந்தக் காணி வாங்கப்பட்டால் இவருக்கு என்ன கிடைக்கும்? இவர் சொல்வது தம் தொழிலாலும் கண்ணாலும் அறிந்ததா, கேள்வியால் அறிந்ததா? இவர் சொல்வதைக் கடதாசியிலோ காணியிலோ சரிபார்க்க முடியுமா?

முதலில் தரகரை எடுத்துக்கொள்ளலாம். தரகர் சமூகத்திற்குப் பயன்படும் மனிதர். எந்த ஊரில் எந்தக் காணி விலைக்கு வருகிறது, விற்பவர் எவ்வளவுக்கு இறங்குவார் என்பன அவர் அறிந்தவை. அவற்றில் அவர் சொல்லைக் கேட்பது தகும். ஆனால் தரகருடைய கூலி வியாபாரம் முடிந்தால்தான் வரும். முடியாவிட்டால் அவர் நடந்த நடை வீண். விலை கூடினால் பெரும்பாலும் அவர் கூலியும் கூடும். வேண்டாம், இந்தக் காணியை விட்டுவிடுங்கள் என்று சொல்வதனால் அவருக்கு நட்டமே உண்டு. ஆகையால் தரகர் ஒரு காணியை வாங்கச் சொல்வது சான்று ஆகாது. அவர் ஒரு காணியை வேண்டாம் என்று சொல்வாராயின் அது மிக உயர்ந்த சான்று. அப்படிச் சொல்லும் தரகர் ஒருவர் கிடைப்பாராயின் அவரை மறவாதிருத்தல் நன்று.

கூலிக்குப் பேசுபவர் தரகர் மாத்திரம் அல்லர். உலகம் அறிந்த பெரியோரும் கூலிக்குக் காணி புகழ்ந்த வரலாறு உண்டு. அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள புளொரிடா மாநிலத்தில் 1920ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் காணி வேட்கை ஒரு காய்ச்சலைப் போலப் பரவியது. மியாமி நகரை அடுத்துக் கோரல் கேபிள்ஸ் என்னும் புதுநகரை அமைத்த ஜோர்ஜ் மெரிக் என்பவர், அந்நாட்டின் மிகப் பெரிய சொற்பொழிவாளராகிய வில்லியம் ஜெனிங்ஸ் பிறையனை அழைத்துத் தம் காணிகளைப் புகழ்ந்து பேச வைத்தார். பிறையன் 1896, 1900, 1908 ஆகிய மூன்று தேர்தல்களிலும் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டவர். 1913 முதல் 1915 வரை வெளிநாட்டு அமைச்சராக இருந்தவர். அவர் பேச்சுக்கு ஆண்டொன்றுக்கு 100,000 டொலர், பாதி பணமாகவும் பாதி நிலமாகவும் பேசப்பட்டது என்பர். கேட்டோர் ஒரு நாட்டுத் தலைவரின் சொல்லைக் கேட்டதாக எண்ணினர். உண்மையிற் கேட்டது விற்பவரின் சொல்லையே. அதே காலத்தில், மோசடிக்குப் பேர்போன சார்ள்ஸ் பொன்சி என்பவரும் அங்கே காணி விற்றார். ஜாக்சன்வில் நகருக்கு அண்மையில் என்று அவர் விளம்பரம் செய்த நிலம் அந்நகரிலிருந்து ஏறத்தாழ 65 மைல் தொலைவில் இருந்தது. 1926 செப்டெம்பரில் மியாமியைப் புயல் தாக்கியது. அதற்கு முன்னரே தளரத் தொடங்கியிருந்த விலைகள் அதன்பின் சரிந்தன.

இக்கதையில் கற்கவேண்டியது தூரத்து நாட்டின் வீழ்ச்சி அன்று. விளம்பரச் சொல்லின் இயல்பு. நகருக்கு அண்மையில், பிரதான வீதியிலிருந்து சில நிமிடம், விரைவில் பெருந்தெரு வரவுள்ளது என்னும் சொற்கள் இன்று இலங்கைப் பத்திரிகைகளிலும் காணப்படுகின்றன. நிமிடம் என்பது தூர அளவு அன்று. வரவுள்ள தெரு இன்னும் வராத தெரு. இத்தகைய சொற்களை மைலாகவும் அடியாகவும் ஆண்டாகவும் மாற்றிக் கேட்டால், விடை சொல்லத் தெரிந்தவர் யார், சொல்லத் தெரியாதவர் யார் என்பது விளங்கிவிடும்.

இனி, உரித்துப் பற்றிய ஆலோசனை. காணி வாங்குவதில் உயிர்நிலை இதுவே. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை எழுத்தில் அமைதல் வேண்டும். நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும், ஒரே நேரத்தில் உடனிருக்கும் இரண்டு சாட்சிகளுக்குக் குறையாதோர் முன்னிலையிலும் கையொப்பம் இடப்படுதல் வேண்டும். எத்தனை பெரியவர் முன்னிலையில் வாய்ச்சொல் கொடுத்தாலும், வெற்றிலை மாற்றினாலும், காணி கைமாறாது. அடுத்து, 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் பதிவுக்கு முதன்மை தந்தது. ஒருவர் இன்று உறுதி முடித்துப் பதியாமல் வைத்திருக்க, அதே காணியைப் பின்னர் விலை கொடுத்து வாங்கிய வேறொருவர் தம் உறுதியை முந்திப் பதிந்துகொண்டால், சூதோ கூட்டுச் சதியோ இல்லாதவிடத்துப் பதிந்தவரே மேலோங்குவார்.

ஆயினும் பதிவு என்பது உரித்துக்கு அரசு அளிக்கும் உத்தரவாதம் என்று எண்ணுவது பெரும் தவறு. பிழையான உறுதியைப் பதிந்தால் அது பதிந்த பிழையாக இருக்குமேயன்றிச் சரியான உறுதி ஆகிவிடாது. தமக்கு இல்லாத உரித்தை ஒருவர் விற்கமுடியாது. அவர் எழுதிய உறுதியைப் பதிவகம் ஏற்றுக்கொண்டமையால் அந்த உரித்து அவருக்கு வந்துவிடுவதில்லை. 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ், பிம் சவிய என்னும் திட்டத்தினால் உரித்துச் சான்றிதழ் வழங்கப்பட்ட இடங்களில் நிலைமை வேறு. ஏனைய இடங்களில் பழைய உறுதி முறையே உள்ளது. எனவே உறுதி இருக்கிறது, பதிவும் இருக்கிறது, இனி என்ன பயம் என்று கூறுபவர் பாதி அறிந்தவர் ஆவர்.

மீதிப் பாதியை அறிய உதவுபவர் நொத்தாரிசு. காணிப் பதிவகத்தில் உள்ள ஏடுகளைப் பின்னோக்கிப் பார்த்து, காணி யாரிடமிருந்து யாருக்கு வந்தது, இடையில் ஈடு உண்டா, வழக்கு உண்டா, சீவிய உரித்து உண்டா என ஆராய்தலை யாழ்ப்பாணத்தார் தோம்பு பார்த்தல் என்பர். ஒல்லாந்தர் காலத்துக் காணி இடாப்பின் பெயர் இன்னும் வழக்கில் நிற்கிறது. முப்பது ஆண்டுகளுக்கேனும் பின்சென்று பார்ப்பது வழக்கம். 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம், காணி பற்றிய உறுதியை வரைவதற்கு முன் பதிவகத்திற் தேடிப் பார்க்கும் கடமையை நொத்தாரிசுக்கு விதித்துள்ளது. ஆனால் அதே சட்டத்தில் ஒரு வாசலும் உண்டு. தேடுதல் வேண்டியதில்லை என்று உரியவர்கள் எழுத்தில் அதிகாரம் அளித்தால் அத்தேடுதல் கட்டாயம் ஆகாது. அவசரத்தில் நீட்டப்படும் கடதாசிகளில் எதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியாமல் ஒப்பம் வைப்போர், தமக்குச் சட்டம் அமைத்த வேலியைத் தாமே பிரித்துக் கொடுப்பவர் ஆகக்கூடும்.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. விற்பவர் சொல்வார்: எங்கள் நொத்தாரிசு பல வருடப் பழக்கம், அவரே எல்லாம் முடித்துத் தருவார், உங்களுக்கு வீண் செலவு ஏன் என்று. சொல்பவர் நேர்மையானவராக இருக்கலாம். அந்த நொத்தாரிசும் நேர்மையானவராக இருக்கலாம். ஆயினும் விற்பவரின் நொத்தாரிசு பல வருடமாகப் பாதுகாத்து வந்தது விற்பவரின் நலனை. வாங்குபவர் தமக்கென ஒருவரை அமர்த்தி, தோம்பு பார்த்ததற்கான குறிப்பை எழுத்தில் பெறுதல் வேண்டும். எழுதிக் கொடுக்கும்போது மனிதர் சொல்லில் கவனம் பிறக்கிறது. காணி நல்ல காணிதான் என்று வாயாற் சொல்பவர் பலர். இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை பார்த்தேன், இன்ன குறை கண்டேன் என்று எழுதித் தருபவர் சிலர். அந்தச் சிலருக்குக் கொடுக்கும் கூலியே காணி வியாபாரத்தில் மிக மலிவான செலவு.

வடமாகாணத்துக் காணிகளில் தேசவழமையையும் அறிந்தவர் ஆலோசனை வேண்டும். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த இந்த வழமை இன்றும் உரித்து வழக்குகளில் வந்து நிற்கிறது. கூட்டுரிமையாளர் ஒருவர் தம் பங்கை அந்நியருக்கு விற்க எண்ணினால், ஏனைய பங்காளருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அதனை ஒழுங்கு செய்தது. பங்காளருக்கு முறைப்படி அறிவித்தல் கொடாமல் முடித்த உறுதி பின்னர் நீதிமன்றம் ஏறக்கூடும். மணமான பெண்ணின் ஆதனத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்தது. தெற்கிலே மிகத் திறமை பெற்ற ஒரு சட்டத்தரணி இவ்வழமையில் பழக்கம் இல்லாதவராக இருக்கலாம். அது அவர் குறையன்று. ஆனால் அவரிடம் இதனைக் கேட்பது கேட்பவரின் குறையாகும்.

எல்லை பற்றிய பேச்சில் நில அளவையாளர் சொல்லே சொல். வேலி நிற்கும் இடம் எல்லை என்பது ஊர் நம்பிக்கை; வேலியோ பூவரசங் கதியாலின் வேகத்தில் ஆண்டுதோறும் நகர்வது உண்டு. உறுதியில் ஒரு பரப்பு என்று இருந்தால் அது 10 பேர்ச். ஏக்கர் ஒன்று 160 பேர்ச். உறுதியில் எழுதிய பரப்பளவும், பழைய வரைபடத்தில் உள்ள பரப்பளவும், இன்று தரையில் அளந்தால் வரும் பரப்பளவும் மூன்று வேறு எண்களாக இருப்பது அரிதன்று. பணம் கொடுப்பதற்கு முன் அளப்பவர் அறிவாளி. பணம் கொடுத்தபின் அளப்பவர் வழக்காளி. அளவையாளரிடமும் அவர் துறைக்கு உட்பட்டதையே கேட்கவேண்டும். கட்டைகள் எங்கே நிற்கின்றன என்று அவர் சொல்வார். அந்தக் கட்டைகளுக்கு உள்ளே இருப்பது யாருக்கு உரியது என்பது அவர் வேலை அன்று.

அயலவரோ சட்டம் படியாதவர். ஆனால் பதிவேட்டில் இல்லாத பலவற்றை அறிந்தவர். மாரியில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், கோடையில் கிணறு உவர்க்குமா, பின்வளவுக்காரர் எந்தப் பாதையால் நடக்கிறார், காணியை உண்மையில் யார் ஆண்டு வருகிறார் என்பனவற்றை அவர் கண்ணால் கண்டவர். இவற்றில் கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. தனியார் காணியொன்றைப் பத்து ஆண்டுகள் இடையறாமலும் தடையின்றியும், உரியவருக்கு எதிரான உரிமையோடு ஒருவர் ஆண்டு வந்தால், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி அவர் ஆட்சியுரிமை கோரலாம். உறுதி பெட்டியில் இருக்க, உரித்து வளவில் இருப்பவரிடம் போயிருக்கக்கூடும். போரினால் இடம்பெயர்ந்தோர் இதனால் கெடாதிருக்க, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிற் கொள்ளாது விடுவதற்கென 2016இல் 5ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் இயற்றவேண்டி வந்தது என்பதிலிருந்தே இதன் தாக்கம் விளங்கும். மறுபுறத்தில், தாம் நீண்டகாலம் ஆண்டதாகத் தாமே கூறி ஒருவர் முடித்துக்கொண்ட பிரகடன உறுதியைக் காட்டி விற்க வருவதும் உண்டு. அது ஒருவர் தமக்குத் தாமே எழுதிக் கொடுத்த நற்சான்றுப் பத்திரம் போன்றது. அயலில் விசாரியாமல் அதனை நம்பலாகாது.

அரசாங்கத்தோடு தொடர்புள்ள காணிகளில் அரசாங்கக் கந்தோரின் சொல்லைத் தவிர வேறு சொல் செல்லாது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற காணியை, அதில் குடியிருப்பவர் தம் விருப்பப்படி விற்றல் இயலாது. அளிப்புப் பத்திரம் பெற்ற காணிகளிலும் நிபந்தனைகள் உண்டு. எல்லோரும் இப்படித்தான் கைமாற்றுகிறார்கள் என்னும் ஊர்ப்பேச்சு பிரதேச செயலகத்தில் எடுபடாது. நெல்வயலை நிரவி வீடு கட்ட எண்ணுபவர் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தைக் கடந்தே செல்லவேண்டும். கடலோரத்தில் வாங்குபவர், உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்பதை அறிந்திருத்தல் நன்று. மலைநாட்டில் வாங்குபவர் மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தைப் பெறுதல் வேண்டும். 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் சரிந்த மலை, அதன் அடியில் வாழ்ந்தவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய மலையே. வீதிக்காக அரசு எடுக்கவுள்ள பகுதி உண்டா, சோலைவரி நிலுவை உண்டா என்பவற்றைப் பிரதேச சபையிலோ நகர சபையிலோ கேட்டு எழுத்தில் பெறலாம்.

இதுவரை கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகும். ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம் உண்டு. அந்த வட்டத்திற்குள் மாத்திரம் அவர் சொல் பெறுமதியுடையது. இதனை விளக்க ஒரு கற்பனை உதாரணம் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 12 பேர்ச் காணி ஒன்றை 60 இலட்சம் ரூபாவுக்கு வாங்க நினைக்கிறார். தரகர், வீதி இருபதடி அகலம் என்கிறார், உண்மை. அளவையாளர், 12 பேர்ச் சரியாக உண்டு என்கிறார், உண்மை. மதிப்பீட்டாளர், 60 இலட்சம் பெறும் என்கிறார்; உண்மை. தம்பி, பாடசாலையும் கோயிலும் அருகில் என்கிறார்; அதுவும் உண்மை. விற்பவர், உறுதி என் பெயரில் என்கிறார், அதுகூட உண்மை. ஆனால் அந்த உறுதி, விற்பவருடைய பாட்டியார் தம் சீவிய உரித்தைத் தமக்கு வைத்துக்கொண்டு எழுதிய நன்கொடை உறுதி. பாட்டியார் வேறோர் ஊரில் உயிரோடு இருக்கிறார். அவர் உள்ளவரை அந்தக் காணியை அனுபவிக்கும் உரிமை அவருடையது. ஆசிரியரிடம் ஒருவரும் பொய் சொல்லவில்லை. கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கவேண்டியவரிடம் கேளாமையே அவருக்கு வந்த கேடு. ஐந்து உண்மைகளின் நடுவே ஒருவர் தம் வாழ்நாள் முதலை இழந்துவிடலாம்.

விலை பற்றிய ஆலோசனை தனியே நோக்கத்தக்கது. காணி விலை ஒருபோதும் இறங்காது என்பது இலங்கையில் வேதவாக்குப் போல வழங்குகிறது. இதனைக் கூறுவோர் பெரும்பாலும் ரூபாவை எண்ணுகிறார்களேயன்றி ரூபாவின் பெறுமதியை எண்ணுவதில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி ஓராண்டில் நூற்றுக்கு 69.8 உயர்ந்தது. அவ்வாண்டில் ஒரு காணியின் விலை நூற்றுக்கு 30 கூடியிருந்தால், விற்றவர் கையில் ரூபா கூடியிருக்கும். அந்த ரூபாவினால் வாங்கக்கூடிய அரிசியும் சீமெந்தும் குறைந்திருக்கும்.

மற்றொரு கணக்கையும் பார்க்கலாம். 50 இலட்சத்திற்கு வாங்கிய வெறும் வளவு ஐந்து ஆண்டில் 75 இலட்சத்திற்கு விற்கிறது. கேட்போர் வியப்பர். ஆனால் ஆண்டுக் கணக்கில் அது நூற்றுக்கு 8.4 வளர்ச்சியே. நூற்றுக்கு 10 வட்டி தரும் வைப்பில் அதே பணம் இருந்தால், வட்டிக்கு வட்டி சேர்ந்து ஐந்தாம் ஆண்டு முடிவில் 80 இலட்சத்து 50 ஆயிரத்தைத் தாண்டும். காணிக்கு முத்திரைத் தீர்வை வேறு. முதல் 1 இலட்சத்திற்கு நூற்றுக்கு 3, மீதிக்கு நூற்றுக்கு 4 என்னும் வீதப்படி 50 இலட்சத்திற்கு 1 இலட்சத்து 99 ஆயிரம் ஆகும். நொத்தாரிசுக் கூலியும் தரகுக் கூலியும் வேலி அடைப்பும் அதற்கு மேல். இதனால் காணி வாங்குவது பிழை என்பதில்லை. குடியிருக்க வாங்குபவருக்கு நிழலும் நிம்மதியும் உண்டு. தென்னை காய்த்தாலும் வாடகை வந்தாலும் அவற்றையும் வரவில் வைக்கவேண்டும். லாபத்திற்காக வாங்குபவரிடம் விற்ற விலையை மாத்திரம் சொல்லி, வாங்கிய ஆண்டையும் செலவையும் சொல்லாமல் விடுபவரின் ஆலோசனை முழு ஆலோசனை ஆகாது என்பதே கருத்து.

வங்கி கடன் தர முன்வந்தது, ஆகவே காணி நல்லது என்பாரும் உளர். வங்கியின் மதிப்பீட்டாளர் பார்ப்பது, கடன் திரும்பாவிட்டால் வங்கியின் பணம் மீளுமா என்பதையே. வாங்குபவரின் பணம் மீளுமா என்பது வேறு கேள்வி. ஆயினும் வங்கி ஒன்று உரித்தை ஆராய்ந்து கடன் தர மறுக்குமாயின், அந்த மறுப்பைப் பெரிதும் மதிக்கவேண்டும். காரணத்தைக் கேட்டறியாமல் வேறு வழியில் பணம் புரட்டி வாங்குவது பேதைமை.

இனி உறவினரின் ஆலோசனை. இதில்தான் மனம் அதிகம் தடுமாறும். அன்பு பொய் சொல்லாது என்பது உண்மை. ஆனால் அன்பு தோம்பு பார்ப்பதும் இல்லை. கடல் கடந்து வாழ்வோர் நிலை இன்னும் கடினமானது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், சில விலக்குகள் தவிர, வெளிநாட்டவர் பெயருக்குக் காணி மாற்றப்படுவதைத் தடுத்தது. இலங்கைக் குடியுரிமையை இழந்து வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்று, இரட்டைக் குடியுரிமையும் பெறாதவர் இதனால் கட்டுண்டார். அதனால் சிலர் ஊரிலுள்ள உறவினர் பெயரில் காணி வாங்கி வைப்பர். பணம் ஒருவருடையது, உறுதி மற்றவருடையது என்னும் இந்த ஏற்பாட்டில், இருவருள் ஒருவர் இறந்தவுடன் அல்லது ஒரு திருமணம் நடந்தவுடன் கேள்விகள் எழும். வாங்கியவர் நல்லவராகவே இருப்பார். அவர் வாரிசுகளுக்கு இந்த நம்பிக்கை தெரிந்திராது. வெளிநாட்டில் உள்ளவருக்காக அற்றோணித் தத்துவம் பெற்று விற்க வருபவரிடமும் கவனம் வேண்டும். தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அந்த அதிகாரமும் பொதுவாக முடிந்துவிடும். ஆகவே கொடுத்தவர் உயிரோடு உள்ளாரா, விற்க உண்மையில் விரும்புகிறாரா என்பதை அவரிடமே நேரிற் பேசி அறிதல் மரியாதைக் குறைவு அன்று.

யார் கூறினும் ஏற்கத் தகாத ஆலோசனைகள் சில உள. இன்று மாலைக்குள் முற்பணம் கொடாவிட்டால் வேறொருவர் வாங்கிவிடுவார் என்பது ஒன்று. நல்ல காணி ஒன்று கைநழுவுவதால் வரும் வருத்தம் ஒரு மாதம் நிற்கும். கெட்ட காணி ஒன்றின் வழக்கு பிள்ளைகள் காலம் வரை நிற்கும். உறுதியில் விலையைக் குறைத்து எழுதினால் தீர்வை மிஞ்சும் என்பது மற்றொன்று. அது சட்டத்துக்கு மாறானது என்பது ஒருபுறமிருக்க, நாளை உரித்துப் பிழைத்து விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க நேர்ந்தால், உறுதியில் எழுதிய சிறு தொகையே முதற் சான்றாக எதிரே வந்து நிற்கும். உறுதியின் பிரதி போதும், மூலம் பின்னர் தரப்படும் என்பது மூன்றாவது. மூல உறுதி எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குப் பல வேளைகளில் விடை, ஈட்டுக்காரர் பெட்டியில் என்பதாகும்.

ஆலோசகரைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. இந்தக் காணியில் உள்ள குறை யாது என்று கேட்டுப் பார்க்கலாம். குறையே இல்லாத காணி உலகில் இல்லை. நீர் நிற்கும்; பாதை ஒடுங்கும்; விலை சற்றுக் கூடும்; பங்காளர் ஒருவர் கொழும்பில் இருப்பார். ஒரு குறையும் இல்லை என்பவர் ஒன்று பார்க்காதவர், அல்லது மறைப்பவர். குறையைச் சொல்லி, அதனைத் தீர்க்கும் வழியையும், அதற்கு ஆகும் செலவையும், தமக்குத் தெரியாததை யாரிடம் கேட்கவேண்டும் என்பதையும் சொல்பவர் நம்பத்தக்கவர். தம் அறிவின் எல்லையைத் தாமே காட்டுபவர், காணியின் எல்லையையும் சரியாகக் காட்டுவார்.

திருவள்ளுவர் தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து தெளிந்தபின் அவரை ஐயுறுவதும் ஆகிய இரண்டும் துன்பம் தரும் என்பது அவர் கருத்து. அரசன் அமைச்சரைத் தெரிவதற்குச் சொன்ன அந்நெறி, 12 பேர்ச் காணி வாங்கும் எளிய குடும்பத்திற்கும் பொருந்துவதே. எல்லோரையும் சந்தேகிப்பவர் காணி வாங்கவே மாட்டார். எல்லோரையும் நம்புபவர் வாங்கிய காணியில் இருக்கவே மாட்டார். உரித்தை நொத்தாரிசிடமும், எல்லையை அளவையாளரிடமும், தண்ணீரையும் ஆட்சியையும் அயலவரிடமும், தடைகளைக் கந்தோரிலும் கேட்டறிந்து, விலையைத் தாமே கணக்கிட்டுப் பார்ப்பவரே தம் உழைப்பின் பயனைத் தம் பிள்ளைகள் கையில் பத்திரமாக ஒப்படைப்பவர் ஆவர்.